காதல் இல்லாத கதை கேட்பவர்களுக்காக

காதல் இல்லாத இளையோர் நாவல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்பவர்கள், கேட்கும்போதே பாதி மன்னிப்பும் கேட்டுவிடுகிறார்கள். "காதல் கதைமீது எனக்கு வெறுப்பெல்லாம் இல்லை, ஆனால்..." என்று இழுக்கிறார்கள். துப்பறியும் கதை கேட்பவர் யாரும் இப்படித் தயங்குவதில்லை. பேய்க்கதை கேட்பவரும் தயங்குவதில்லை. இந்த ஒரு விருப்பத்தைச் சொல்லும்போது மட்டும், தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக மற்றவர் நினைத்துவிடுவாரோ என்ற அச்சம் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. அந்த அச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகள்மீது அல்ல, அவர்களை அப்படித் தயங்க வைத்த புத்தக அலமாரிமீது.

கேட்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். சிலருக்குக் காதலில் ஆர்வம் இன்னும் வரவில்லை, வரும்போது வரட்டும் என்று இருக்கிறார்கள். சிலருக்கு அது எப்போதுமே வரப்போவதில்லை, அதைத் தாங்களே மெல்ல உணரத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு மரணத்தைக் கடந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். காதலால் ஏற்கெனவே அடிபட்டு, கொஞ்ச காலத்துக்கு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும்விட எண்ணிக்கையில் அதிகமானவர்கள் வெறுமனே சலித்துப்போனவர்கள். ஒரு நகரமே அழியும் தறுவாயில் இருக்கும்போது கதை சட்டென்று நின்று, கதாநாயகி இருவரில் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்ற கேள்வியைச் சுற்றத் தொடங்கினால் அவர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. நகரம் என்ன ஆனது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நியாயமான ஆசை அது.

இது பிள்ளைகளைக் கட்டுப்படுத்த நினைக்கும் பெரியவர்களின் கோரிக்கை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிக் கேட்கும் பெரியவர்களும் உண்டுதான். ஆனால் அவர்கள் தேடுவது வேறு, நான் சொல்லும் வாசகர் தேடுவது வேறு. ஆங்கிலப் புத்தகச் சந்தையில் 'கிளீன்' என்ற அடையாளத்தோடு வரும் நாவல்களைப் பாருங்கள். படுக்கையறைக் காட்சி இருக்காது, கெட்ட வார்த்தை இருக்காது, ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை காதல் மட்டுமே இருக்கும். மறுபுறம், 1999இல் வெளிவந்த லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' நாவலில் காதல் கதை இல்லை. ஒரு கோடை விருந்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மெலிண்டா என்ற மாணவி அதன்பின் ஏறக்குறையப் பேச்சையே இழந்துவிடுகிறாள். அவள் குரல் திரும்புவதுதான் கதை. ஒருவருக்குப் பாதுகாப்பான வாசிப்பு வேண்டும் என்பதும் காதலற்ற வாசிப்பு வேண்டும் என்பதும் இரண்டு வெவ்வேறு தேவைகள். பரிந்துரைக்கும் முன், கேட்பவருக்கு இவற்றில் எது வேண்டும் என்று விசாரித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் தவறான கையில் மிகக் கனமான புத்தகம் போய்ச் சேரும்.

இளையோர் நாவலுக்குக் காதல் பிறவிக் குணம் அல்ல. இந்த வகைமையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகப் பலரும் சொல்வது எஸ்.இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்'. 1967இல் அது வெளிவந்தபோது ஹின்டனே பதின்வயதைத் தாண்டியிருக்கவில்லை. பெற்றோரை விபத்தில் இழந்த மூன்று சகோதரர்கள், அவர்களுடைய நண்பர் கூட்டம், ஊரை இரண்டாகப் பிரிக்கும் வர்க்கப் பகை. பதினான்கு வயது போனிபாய்க்கும் எதிரணியைச் சேர்ந்த செர்ரிக்கும் இடையே அழகான உரையாடல்கள் நடக்கின்றன. இருவரும் ஒரே சூரிய அஸ்தமனத்தைத்தான் பார்க்கிறோம் என்று கண்டுகொள்கிறார்கள். அது காதலாக மாறுவதில்லை, மாறாததால் ஒன்றும் குறைந்துபோகவும் இல்லை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு வழங்கும் பிரின்ட்ஸ் விருது 2000இல் முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றது வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்'. கொலை வழக்கில் சிக்கிய பதினாறு வயது ஸ்டீவ் ஹார்மன், தன் விசாரணையையே ஒரு திரைக்கதையாகச் சிறையில் எழுதுகிறான். நான் யார் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளும் அந்தக் கதையில் காதலுக்கு வேலையே இல்லை.

பிறகு 2005இல் காதல் கதையான 'ட்வைலைட்' வந்தது, பெரும் வெற்றி பெற்றது. 2008இல் 'தி ஹங்கர் கேம்ஸ்' வந்தது. இரண்டாவதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கம்தான். தங்கையைக் காப்பாற்றச் சாவுக்களத்துக்குப் போன காட்னிஸ் என்ற பெண்ணின் கதை அது. களத்தில் காதலே ஓர் உத்தியாகிறது. பார்வையாளர்கள் காதலை விரும்புகிறார்கள், விரும்பினால் உயிர்காக்கும் பொருள்கள் வந்து சேரும், ஆகவே காதலிப்பதுபோல் காட்டிக்கொள்ள வேண்டும் என்று காட்னிஸுக்குப் புரிகிறது. வேடிக்கை பார்ப்பவர்களின் காதல் பசியைப் பற்றி இவ்வளவு கூர்மையாகப் பேசிய நாவலை வைத்துக்கொண்டு, வெளியே நடந்த விவாதமெல்லாம் அவள் பீட்டாவோடு சேர வேண்டுமா, கேலோடு சேர வேண்டுமா என்பதாகவே இருந்தது. அதற்குப் பின்னால் வந்த எத்தனையோ புனைவுலகங்களில் முக்கோணக் காதல் கேட்காமலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, எப்படித் தேடுவது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பட்டியல்கள், அட்டவணைகள், தேடுபொறிகள் எல்லாம் ஒரு புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்லும், இல்லாததைச் சொல்லாது. புத்தக வணிகத்தில் புழங்கும் பைசாக் வகைப்பாட்டில் இளையோர் புனைவின் கீழ் காதலுக்குத் தனித் தலைப்பும் அதற்குள் பல உட்தலைப்புகளும் உண்டு. காதல் இல்லை என்பதற்குத் தலைப்பு கிடையாது. இருக்கவும் முடியாது. ஆகவே காதல் இல்லாத நாவல் என்று தேடினால் எதிர்ப்படுவதெல்லாம் காதல் நாவல்கள்தான், அந்தச் சொல் அங்கேதானே இருக்கிறது. தேட வேண்டியது காதலின் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை. அதே வகைப்பாட்டில் நட்பு இருக்கிறது, உடன்பிறந்தோர் இருக்கிறார்கள், உயிர்பிழைத்தல் இருக்கிறது, மரணமும் துயரும் இருக்கின்றன. அந்த வழிகளில் நுழைந்தால் கை நிறையப் புத்தகங்கள் கிடைக்கின்றன.

காதல் வேண்டாம் என்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, "அப்படியானால் எது வேண்டும்?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். ஓர் உயிர்த் தோழமை. ஒரு மர்மம். ஒரு குடும்பம். தனியாக ஒருவன் எப்படித் தாக்குப்பிடிக்கிறான் என்பது.

தோழமை என்று சொன்னால் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பது எலிசபெத் வெயினின் 'கோட் நேம் வெரிட்டி', 2012இல் வந்தது. இரண்டாம் உலகப் போர். ஒருத்தி விமானி, இன்னொருத்தி உளவாளி. நாஜிகள் பிடித்துவைத்திருந்த பிரான்ஸில் உளவாளி சிக்கிக்கொள்கிறாள். தான் அறிந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டு, அந்த வாக்குமூலத்தில் அவள் எழுதுவது தன் தோழியின் கதையை. இதற்குமேல் சொன்னால் படிக்கப் போகிறவர்களுக்குத் துரோகம். ஓரத்தில் மெலிதாக ஒரு காதல் கோடு ஓடுகிறது, கதையின் எடை முழுவதும் அந்த இரு பெண்களுக்கு இடையில்தான். நட்புக்காக உயிரையே வைப்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் பார்த்தே இராத பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னதையும், அவர் வந்து சேர்ந்ததையும் புறநானூற்றில் படித்தவர்கள் நாம். நட்பு காதலுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு நிறுத்தம் என்ற எண்ணம் அந்தப் பாடல்களில் எங்கும் இல்லை. இன்றைய இளையோர் நாவல்கள் பலவற்றில் அந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் நண்பர்களாகவே இருந்துவிட்டால் கதை முடியவில்லை என்று வாசகர் நினைக்கும்படி எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் ஆலிஸ் ஓஸ்மனின் 'ரேடியோ சைலன்ஸ்' (2016) எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. கதை சொல்லும் பிரான்சிஸ், தானும் ஆலெடும் காதலிக்கப் போகிறோம் என்று நீங்கள் நினைக்கலாம், அப்படி எதுவும் நடக்காது என்று வாசகரிடம் நேரடியாகவே சொல்லிவிடுகிறாள். சொன்னபடியே நடந்துகொள்கிறாள். அந்த ஒரு வாக்குறுதி எத்தனை நிம்மதியைத் தருகிறது என்பது, நல்ல நட்பு ஒன்று எப்போது காதலாகத் திரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே படித்தவர்களுக்குத் தெரியும். வேறு பாத்திரங்களிடையே காதல் இந்த நாவலிலும் உண்டு, துளிகூடக் கூடாது என்பவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தேடும்போது நான் கவனித்த இன்னொன்று, கதையின் கால அளவு. குறுகிய நேரத்தில் நடக்கும் கதைகளில் காதல் நுழைவது அரிது, அது வளர நாட்கள் வேண்டும் அல்லவா. ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017) பெரும்பாலும் ஒரு லிஃப்ட் கீழிறங்கும் அறுபது விநாடிகளுக்குள் நடக்கிறது. அண்ணனைச் சுட்டவனைப் பழிவாங்க, பதினைந்து வயது வில் துப்பாக்கியோடு லிஃப்டில் ஏறுகிறான். ஒவ்வொரு தளத்திலும் இறந்துபோன ஒருவர் உள்ளே வருகிறார். முழுவதும் கவிதை வடிவம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்து முடித்தவர்கள் உடனே முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். புத்தகமே பிடிக்காது என்று சொல்லும் பையன்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. இதேபோலத் தனிமையும் காதலை வெளியே நிறுத்திவிடும். கேரி பால்சனின் 'ஹாட்செட்' (1987) கதையில் விமானி மாரடைப்பால் இறந்துவிட, பதின்மூன்று வயது பிரையன் கனடாக் காட்டில் கைக்கோடரி ஒன்றோடு 54 நாட்கள் பிழைத்திருக்கிறான். நீதிமன்றம், சிறை, தீவு, கப்பல் என்று அடைபட்ட இடங்களில் நடக்கும் கதைகளையும் தேடிப் பாருங்கள்.

அறிவுத் தாகமும் ஓர் ஆசைதான், காதலைவிடக் குறைந்த ஆசை அல்ல. பிரான்சிஸ் ஹார்டிங்கின் 'தி லை ட்ரீ' நாவலில் பதினான்கு வயது ஃபெய்த் இயற்கை அறிவியலில் ஊறியவள். பெண் என்பதால் அந்தக் கதவு அவளுக்கு அடைக்கப்பட்டிருக்கும் விக்டோரியா காலம். தந்தை மர்மமாக இறக்கிறார். அவர் ஒளித்துவைத்த ஒரு செடி, பொய்களைத் தின்று வளர்ந்து, பழத்தைத் தின்பவருக்கு உண்மையைக் காட்டும் என்று அறிகிறாள். உண்மை தெரிய வேண்டுமானால் பொய்யைப் பரப்ப வேண்டும். ஃபெய்த் பரப்புகிறாள், துணிந்து பரப்புகிறாள். கோபமும் அறிவும் தந்திரமும் கொண்ட ஒரு சிறுமியை, யாருடைய காதலியாகவும் ஆக்காமல், நல்லவளாகக்கூட ஆக்காமல், கடைசிவரை நடத்திச் செல்கிறார் ஹார்டிங். 2015ஆம் ஆண்டின் சிறந்த நூலுக்கான பிரிட்டனின் கோஸ்டா விருது, பெரியவர்களுக்கான நாவல்களையும் தாண்டி, இதற்குத்தான் போனது.

உர்சுலா லெ குவினின் 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971) அதே அலமாரியில் இருக்க வேண்டியது. குழந்தையிலேயே இருட்டுத் தெய்வங்களுக்குப் பூசாரியாக எடுத்துவரப்பட்ட டெனார். நிலத்தடிப் பாதைகளில் அவளிடம் சிக்கும் மந்திரவாதி கெட். அவள் நினைத்தால் அவன் சாவான். இருவரிடையே முளைப்பது நம்பிக்கை, அந்த நம்பிக்கையே இருவரையும் வெளியே கொண்டுவருகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் இருட்டில் ஒரு முத்தம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் தொடர் வரிசைகளில் ஓர் எச்சரிக்கை. அதே டெனாரும் கெட்டும் 1990இல் வந்த 'டெஹானு'வில், நடுவயதில், இணைகிறார்கள். மேகன் வேலன் டர்னரின் 'தி தீஃப்' (1996) காதல் வாடையே இல்லாத அருமையான திருட்டுக் கதை. அடுத்த பாகமான 'தி குவீன் ஆஃப் அட்டோலியா' (2000) அரசியலோடு காதலையும் மையத்துக்குக் கொண்டுவருகிறது. இரண்டுமே நல்ல நாவல்கள்தான். முதல் பாகத்தை மட்டும் நம்பி வரிசை முழுவதற்கும் உறுதி கொடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பின்னட்டையை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: கடைசிப் பத்தியைப் படியுங்கள். அதில் புதிதாக ஒரு பெயரும், அந்தப் பெயருக்கு முன்னால் 'மர்மமான' என்பதுபோல ஓர் அடைமொழியும் வந்தால் காதல் வருகிறது என்று பொருள். இரண்டு பெயர்கள் மாறிமாறி அத்தியாயத் தலைப்பாக வந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். இவற்றைவிட நம்பகமான வழி வாசகர் விமர்சனங்கள். பாராட்டுகளைத் தள்ளிவிட்டு, ஏமாந்தவர்களைப் படியுங்கள். "இருவரும் சேர்வார்கள் என்று எதிர்பார்த்தேன், சேரவே இல்லை" என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தால் அதுதான் உங்களுக்கான புத்தகம். அவருடைய ஏமாற்றம் உங்களுக்கு நேரான பரிந்துரை.

துளியும் கூடாது என்பவர்கள் குறைவு. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, அதுவே கதையாகிவிடக் கூடாது என்பவர்களே அதிகம். இவர்களுக்காக நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். காதல் பகுதியை மனத்தில் உருவிப் பார்ப்பேன். கதையின் முடிவு மாறாமல் நின்றால் கொடுக்கலாம். நீல் ஷஸ்டர்மனின் 'சேலஞ்சர் டீப்' இந்தச் சோதனையில் எளிதாகத் தேறுகிறது. பதினைந்து வயது கேடனின் மனம் மெல்லப் பிறழ்கிறது. ஒரு பக்கம் பள்ளியும் வீடும் மருத்துவமனையும், இன்னொரு பக்கம் உலகின் மிக ஆழமான கடல் பள்ளத்தை நோக்கிப் போகும் கப்பல். மருத்துவமனையில் ஒரு பெண்ணோடு நெருக்கம் உண்டு, ஆனால் அவன் மீண்டு வருவது அவளால் அல்ல. ஷஸ்டர்மனின் மகன் தன் நோய்க்காலத்தில் வரைந்த சித்திரங்கள் நூலில் இருக்கின்றன. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை 2015இல் இளையோர் பிரிவில் இது பெற்றது.

காதல் உணர்வோ பாலியல் ஈர்ப்போ தமக்கு இல்லை என்று உணரும் இளைஞர்கள் தம்மைப் போன்ற ஒருவரைக் கதையில் பார்க்க விரும்பினால், அது தனித் தேடல். ஓஸ்மனின் 'லவ்லெஸ்' (2020) அப்படிப்பட்ட ஜார்ஜியாவின் கல்லூரி முதலாண்டைச் சொல்கிறது. அவசியம் இருக்க வேண்டிய புத்தகம். ஆனால் தனக்குக் காதல் வரவில்லையே என்ற தவிப்பே கதையாக இருப்பதால், பக்கத்துக்குப் பக்கம் காதல் பேச்சுதான். அந்தப் பேச்சே வேண்டாம் என்பவர் கையில் அதைக் கொடுத்தால் பயனில்லை. அவருக்கு டார்சி லிட்டில் பேட்ஜரின் 'எலட்சோயே' (2020) பொருந்தும். லிப்பான் அப்பாச்சி இனத்துப் பெண் எல்லி, இறந்த விலங்குகளின் ஆவிகளை அழைக்கத் தெரிந்தவள், கூடவே அவளுடைய நாயின் ஆவி. உறவினனைக் கொன்றவனைத் தேடிப் போகிறாள். ஈர்ப்பு இல்லாத அவள் இயல்பு போகிற போக்கில் ஒரு வரியாக வருகிறது. யாரும் அதிர்ச்சி அடைவதில்லை, கதை கொலைகாரனைத் தேடப் போய்விடுகிறது.

இன்னொரு பதில் எனக்குச் சற்றும் பிடிக்காதது: "காதல் வேண்டாமென்றால் சின்னப் பிள்ளைகள் பிரிவில் பார்." எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கான பிரிவில் பொக்கிஷங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பதினாறு வயதில் ஒருவர் சாவைப் பற்றி, அநீதியைப் பற்றி, தன் மனத்தின் இருட்டைப் பற்றி முழு எடையோடு படிக்க விரும்புகிறார். காதல் வேண்டாம் என்று சொன்ன குற்றத்துக்காக அவரைக் கீழ்வகுப்புக்கு அனுப்பக் கூடாது. பாட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) போன்ற நூல்கள் அந்த எல்லைக்கோட்டையே அழித்துவிடுகின்றன. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுக்கப் போகும் பதின்மூன்று வயது கோனரின் கதை அது. எழுதத் திட்டமிட்ட ஷிவான் டவுட் 2007இல் புற்றுநோயாலேயே இறந்துவிட, அவர் விட்டுச்சென்ற கருவை நெஸ் எழுதினார். அதைப் படித்துவிட்டு இது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இதுவரை நான் பெயர் சொன்ன நூல்களைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. கொலை, போர், புற்றுநோய், சிறை, மனநோய், துப்பாக்கி. காதலை எடுத்துவிட்டால் அந்த இடத்தை ஒரு மரணம்தான் நிரப்ப முடியும் என்பதுபோல இருக்கிறது. மாய உலகக் கதைகளில் நிலைமை கொஞ்சம் மேல். டிஃபனி ஏக்கிங் என்ற இளம் சூனியக்காரியைப் பற்றிய டெரி ப்ராட்செட்டின் வரிசை, 2003இல் வந்த 'தி வீ ஃப்ரீ மென்' தொடங்கி, சிரிக்கவும் வைக்கும், யோசிக்கவும் வைக்கும். பின்னர் வரும் பாகங்களில் எட்டிப் பார்க்கும் காதலும் டிஃபனியின் வேலைக்குக் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் மாயம் இல்லாத, சாதாரணப் பள்ளியில் நடக்கும், மனம் லேசாகும் கதை ஒன்றைப் பதினாறு வயதுக்காரருக்குச் சொல்லுங்கள் என்றால் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறார்கள், ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள், ஒரு போட்டியில் தோற்கிறார்கள், சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் காதலிக்கவில்லை, ஆண்டு முடிகிறது. இப்படி ஒரு நாவலை இன்னும் நிறையப் பேர் எழுத வேண்டும், தமிழில் எழுத வருபவர்களும் இதை யோசிக்க வேண்டும். கேட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நானும் அவர்களுக்காகக் காத்திருக்கிறேன்.